கூதிர்காலமும் ஞாயிறு வகுப்பும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் சிறார்களுள் பெரும்பாலோர் தில்லியிலேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தயங்குவார்கள். தசரா விடுமுறை முடிந்ததும் இவர்களது வருகை குறையத் தொடங்கும். ஏட்டுப் பயிற்சி மட்டும் அவர்களை இழுத்து வராது. அந்நாட்களில் பருவத்தையே பாடமாக்கும் முறையை, வகுப்பு நடத்துவோருள் ஒருவன் என்ற முறையில் இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரிலிருந்தே தொடங்கலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான பருவத்தை ஆங்கில நூல்களைப் பின்பற்றி 'இலையுதிர்காலம்' என்கிறோம். தில்லியில் அரசும் வேம்பும் இலை உதிர்ப்பதோ மாசி பங்குனியை ஒட்டி! "பெயர் பொருந்துகிறதா?" என்று சிறார்களையே கேளுங்கள். பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர்' என்றனர் என்பதை அப்போது சொன்னால் மறக்கமாட்டார்கள்.

அடுத்தது நிழல் அளத்தல். செப்டம்பர் 23-ஐ ஒட்டிப் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும். அன்று 100 செ.மீ. கோல் ஒன்றை நேராக நட்டால், நிழல் மிகக் குறுகும் நண்பகலில் தில்லியில் சுமார் 55 செ.மீ. இருக்கும், சென்னையில் சுமார் 23 செ.மீ.தான். சென்னையிலுள்ள உறவுப் பிள்ளைகளையும் அன்றே அளந்து எழுதச் சொல்லுங்கள். பூமி உருண்டை என்பது அவர்கள் கையளவிலேயே விளங்கிவிடும். டிசம்பர் 22-க்குள் தில்லி நிழல் 128 செ.மீ. அளவுக்கு நீளும், வாரந்தோறும் அளந்து தமிழில் குறித்து வைக்கட்டும்.

மூன்றாவது, ஏழிலைப்பாலை. அக்டோபர் மாலைகளில் தில்லித் தெருக்களில் கமழும் மணம் இம்மரத்தின் பூவினுடையது. பெயரில் ஏழு இருப்பினும், ஒரு கணுவில் ஐந்தும் ஆறும் எட்டும்கூட உண்டு. இருபது கணுக்களை எண்ணிச் சராசரி காணச் செய்யலாம். இம்மரப் பலகைகள் முன்பு பள்ளிச் சிறுவர்க்கு எழுதுபலகையாய்ப் பயன்பட்டன. அதனால்தான் அதன் தாவரவியற் பெயரிலேயே 'ஸ்காலாரிஸ்' என்ற சொல் இருக்கிறது.

நான்காவது, மழைக் கடிதம். தென்மேற்குப் பருவக்காற்று தில்லியை விட்டு விலகிய பின் இங்கு வானம் வறண்டுவிடும். அதே நாட்களில் வடகிழக்குக் காற்று வங்கக் கடலைக் கடந்து, ஈரம் சுமந்து சென்று தமிழகத்தில் மழை பெய்விக்கிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. "அங்கே மழையா?" என்று கேட்டு ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு ஒவ்வொருவரும் கடிதம் எழுதட்டும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி பாட்டியின் மறுமொழியைத் தாயின் உதவியின்றித் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதன்பின் அவள் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

ஓர் எச்சரிக்கை: ஐப்பசியில் தில்லியைப் புகை சூழும் நாட்களில் சிறார்களை வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். கடிதப் பணியை அந்நாட்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கு வேண்டுவன ஒரு கோல், ஒரு நூலளவை, சில அஞ்சல் அட்டைகள். இவற்றினும் மேலாக, வாரம் ஒரு மணி நேரம் தரும் நண்பர்கள். ஆற்றைக் கண்டிராத பிள்ளைக்குக் காவிரியைப் பற்றிச் சொல்லலாம். எழுத்தறியாத பிள்ளைக்குப் பாட்டியின் கடிதம் வெறும் தாள்தான். வரும் ஞாயிறு முதல் நீங்களும் வாருங்கள்.