‘ஓப்பன்’ – திறப்பதா, நிறுத்துவதா?

‘ஓப்பன்’ என்றால் திற, எதிர்ச்சொல் ‘குளோஸ்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். லேபில் இந்த ஒரு சொல்லே நம்மைச் சுத்தலில் விட்டுடும்.

வால்வை ஓப்பன் செய்தால் தண்ணீர் வரும். ஸ்விட்ச்சை ஓப்பன் செய்தாலோ கரண்ட் நின்னுடும்! ஏன்? சர்க்யூட் ஒரு வளையம். ஓப்பன் என்றால் வளையம் அறுந்தது. குளோஸ் என்றால் சேர்ந்தது.

டிரான்ஸ்பார்மருக்கு வந்தால் எதிர்ச்சொல் ‘ஷார்ட்’. ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட் இரும்பு இழப்பையும், ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் செம்பு இழப்பையும் காட்டும்.

கரண்ட் டிரான்ஸ்பார்மரில் உஷார்! பிரைமரியில் கரண்ட் ஓடும்போது செகண்டரி ஓப்பன் ஆனால், ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரலாம். அம்மீட்டரைக் கழற்றும் முன் ஷார்ட் செய்யணும். பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மரில் தலைகீழ்: செகண்டரியை ஷார்ட் செய்யவே கூடாது.

எங்க அப்பாவிடம் ‘ஸ்விட்ச்சைத் திற’ என்றால் போடத்தான் போவார். அவர் அறிந்தது தண்ணீர்க் குழாய். நாளை நம்மோடு வேலை செய்யும் ஹெல்ப்பரும் அப்படித்தான். அவரிடம் ‘ஓப்பன்’ வேண்டாம். ‘ஆஃப் பண்ணு’ன்னு சொல்லுங்க. ஆஃப் ஆச்சான்னு டெஸ்டரை வச்சுப் பார்த்துட்டே கையை வையுங்க!