ஊட்டிப் பனிமூட்டமும் ஒரு பழைய படமும்

உதகமண்டலத்துக்குச் சென்றவர்கள் இந்துநகர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசுத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியில் இறங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. இப்போது அது மூடப்பட்டுவிட்டது.

பிலிம் தொழிற்சாலைக்கு மலை எதற்கு? தூசி குறைந்த காற்றுக்காகத்தான். 35 மி.மீ. சினிமாப் பிலிமில் ஒரு படத்தின் அகலம் சுமார் 22 மி.மீ. அதை 11 மீட்டர் அகலத் திரையில் காட்டினால் 500 மடங்கு பெரிதாகிறது. 0.1 மி.மீ. தூசி ஒன்று பிலிமில் ஒட்டியிருந்தால், திரையில் 5 செ.மீ. கரும்புள்ளியாகத் தெரியும்!

பிலிமின் மேல் ஜெலட்டின் என்ற பசை பூசப்பட்டிருக்கும். அதற்குள் வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளின் நுண்துகள்கள் விரவிக் கிடக்கும். ஒளி பட்ட துகள்கள், பிலிமைக் கழுவும்போது கருமையான வெள்ளி உலோகமாக மாறுகின்றன. பழைய படங்களில் மணல் தூவியதுபோல் ஏதோ நெளிவதைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அது அழுக்கு அன்று. படமே அந்தத் துகள்களால்தான் ஆனது. சில நிறுவனங்கள் அதைக் குறையென்று எண்ணிக் கணினியால் வழித்தெடுத்துவிடுகின்றன. பிறகு நடிகர்களின் முகம் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடுகிறது.

கேமராவில் ஓடிய பிலிமே மூல நெகட்டிவ். அதிலிருந்து பிரதி, அப்பிரதியிலிருந்து மற்றொன்று எனப் போகப்போக நுட்பமான விவரங்கள் மறைகின்றன. நிழற்பகுதிகள் வெறும் கறுப்பாகின்றன. தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரதியை வீடியோ நாடாவில் ஏற்றி, அந்த நாடாவிலிருந்து எடுத்த தட்டுகள் ஒரு காலத்தில் கடைகளில் குவிந்து கிடந்தன. அப்படிப்பட்ட படத்தை இன்று ‘4கே’ என்று பெயரிட்டு இணையத்தில் ஏற்றினாலும் பயனில்லை. மூலத்தில் இல்லாத விவரத்தைக் கணினி ஊகிக்கலாம், மீட்க முடியாது.

இனி ஒரு சிறு கணக்கு. டிவிடியில் ஒரு படம் 720 × 576 புள்ளிகளால் ஆனது. அதாவது ஏறக்குறைய 4.15 லட்சம். புளூ-ரேயில் 1920 × 1080, ஏறக்குறைய 20.7 லட்சம். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. சாதாரண டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 கிகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் அதில் பதிந்தால், வினாடிக்குச் சுமார் 42 லட்சம் பிட்டுகள் கிடைக்கும். ‘ஒரே தட்டில் மூன்று படங்கள்’ என்று மலிவாக விற்றார்களே, அதில் வினாடிக்கு 14 லட்சம்தான். பழைய விசிடியின் வேகத்தைவிட இது சற்றே அதிகம், அவ்வளவுதான். ஒரு படத்தின் விலையில் மூன்று கிடைத்ததில் இலாபம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் குறை எங்கே முதலில் வெளிப்படும் தெரியுமா? சண்டைக் காட்சியில் என்று நினைப்பீர்கள். அங்கே கண் அதைக் கவனிப்பதில்லை. நீலகிரிப் பனிமூட்டத்தில் பாருங்கள்! வெண்மைக்கும் கருமைக்கும் இடையே வழக்கமான வீடியோவில் அதிகம்போனால் 256 படிகளே உண்டு. மூடுபனியில் வெளிச்சம் மிக மெல்ல மாறுவதால், அவற்றுள் சில படிகளே திரை முழுவதும் பரவ வேண்டியுள்ளது. பிட்டுகளும் குறைந்தால் பனி, பனியாக இராது. வரைபடத்து மலைக்கோடுகள்போல் பட்டை பட்டையாகத் தெரியும். ஆகவே கேத்தி ரயில் நிலையத்தில் படமான ‘மூன்றாம் பிறை’ (1982) போன்ற படங்கள் நல்ல பரீட்சை. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்ற படம் அது.

வாங்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது’ என்றிருந்தால் நல்லது. வெறும் ‘டிஜிட்டல்’ என்பதற்குப் பொருளே இல்லை. சினிமாஸ்கோப் படமானால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருக்க வேண்டும். திரை முழுவதும் நிறைகிறதே என்று மகிழாதீர்கள்! பழைய டிவி வடிவத்துக்கு வெட்டும்போது படத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடுகிறது. பக்கத்தில் நின்றவர் குரல் மட்டும் கேட்கும்.

ஆனால் மூல நெகட்டிவே இல்லாவிட்டால்? 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்! ‘மூன்றாம் பிறை’யை இயக்கிய பாலு மகேந்திரா, தாம் எடுத்த ‘வீடு’ (1988) படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனதைச் சொல்லி வருந்தியவர். நமக்குத் தெரிந்த காலத்துப் படம் அது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அசிட்டேட் பிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். நீலகிரியின் குளிர் பிலிமுக்கு நல்லதுதான், ஈரம் ஆகாது. ஜெலட்டினில் பூஞ்சை பிடித்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிலிம் சுருளோ போட்டோ நெகட்டிவோ இருந்தால் எடுத்து முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். காலந்தாழ்த்தாமல் ஒரு டிஜிட்டல் பிரதியும் எடுத்துவிடுங்கள்.