எடிங்டன் கிறிஸ்தவர், சந்திரசேகர் நாத்திகர்: விஞ்ஞானியின் நம்பிக்கை எதை நிரூபிக்கிறது?

அன்னூர், அவிநாசி, சத்தி... எந்த ஊர் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொண்டாலும் இரண்டு வகை ஃபார்வர்டுகள் வந்து போகும். ‘நியூட்டன், ஃபாரடே, மெண்டல் எல்லோரும் கிறிஸ்தவர்கள். அவர்களை விட நீ பெரிய அறிவாளியா?’ என்பது ஒரு வகை. ‘பெரிய விஞ்ஞானிகள் யாரும் கடவுளை நம்புவதில்லை. நீ மட்டும் ஏன் சர்ச்சுக்குப் போற?’ என்பது இன்னொரு வகை.

பார்க்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் ஒரே தர்க்கம்தான். விஞ்ஞானி என்ன நம்புகிறாரோ அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அது சரியா? இதற்கு ஒரு தமிழ் விஞ்ஞானியின் கதையே நல்ல டெஸ்ட்.

1935-ல் லண்டனில் என்ன நடந்தது?

ஆர்தர் எடிங்டன், பிரிட்டனின் புகழ்பெற்ற வானியலாளர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மத நம்பிக்கை காரணமாகவே முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். 1919-ல் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிப்பே தீவில் சூரிய கிரகணத்தைப் படம் எடுத்து, ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கைக்கு முதல் பெரிய ஆதாரத்தைக் கொடுத்தவர்.

சுப்ரமணியன் சந்திரசேகர், 1910-ல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் படித்தவர். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். பிற்காலத்தில் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே ஒரு கணக்கைப் போட்டார். வெண்குறு விண்மீன் ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் அதே நிலையில் நிற்க முடியாது என்பது அதன் முடிவு. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்ற அந்த எல்லைக்கு இன்று ‘சந்திரசேகர் எல்லை’ என்று பெயர்.

1935 ஜனவரி 11-ல் ராயல் வானியல் சங்கத்தில் சந்திரசேகர் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன், அரங்கமே சிரிக்கும்படி அதைக் கேலி செய்தார். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 1983-ல் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1919-லும் 1935-லும் எடிங்டன் அதே குவேக்கர் கிறிஸ்தவர்தான். முதல் முறை அவர் சொன்னது சரி, இரண்டாவது முறை தப்பு. இரண்டையும் முடிவு செய்தது அவருடைய ஜெபம் அல்ல, வானமும் கணக்கும்தான். அதேபோல, சந்திரசேகர் ஜெயித்ததால் நாத்திகம் ஜெயித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

ஒரே உண்மை, வெவ்வேறு நம்பிக்கை

1979 இயற்பியல் நோபல் பரிசை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் அப்துஸ் சலாம், ஆழ்ந்த இஸ்லாமிய நம்பிக்கை கொண்டவர். ஸ்டீவன் வெயின்பெர்க், வெளிப்படையான நாத்திகர். மின்காந்த விசையையும் மென்விசையையும் இணைக்கும் ஒரே கோட்பாட்டுக்கு இருவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள்.

கொங்கு மண்ணிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், தன் சூத்திரங்கள் நாமக்கல் நாமகிரித் தாயார் அருளால் வந்தவை என்று நம்பினார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி ஒரு நாத்திகர். ராமானுஜன் எழுதி அனுப்பிய முடிவுகளில் பல அபாரமானவை. பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தவறானவை. சரியா தப்பா என்று பிரித்துக் காட்டியது கணித நிரூபணம் மட்டுமே.

‘நியூட்டன் நம்பினார், எனவே கிறிஸ்தவம் உண்மை’ என்றால், சலாமை வைத்து இஸ்லாமையும் ராமானுஜனை வைத்து நாமகிரித் தாயாரையும் நிரூபித்துவிடலாம். இன்னொரு சிக்கல்: திரித்துவக் கொள்கையை ஏற்க முடியாது என்று நியூட்டன் ரகசியமாக எழுதி வைத்திருந்தார். அன்றைய சர்ச் அவரை ‘கிறிஸ்தவர்’ பட்டியலில் சேர்த்திருக்குமா என்பதே சந்தேகம்.

சர்வேக்கள் என்ன சொல்கின்றன?

1914-ல் ஜேம்ஸ் லூபா என்ற உளவியலாளர் அமெரிக்க விஞ்ஞானிகளிடம் சர்வே எடுத்தார். சுமார் 40% பேர் ஜெபத்துக்குப் பதில் தரும் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். எட்வர்ட் லார்சனும் லாரி விதமும் 1990-களில் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டபோதும் கிட்டத்தட்ட அதே 40%தான். ஆனால் 1998-ல் வெளியான முடிவுகளின்படி, அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினர்களில் அப்படி நம்பியவர்கள் 7% மட்டுமே.

ஒரு தரப்பு 40%-ஐ ஷேர் செய்கிறது, இன்னொரு தரப்பு 7%-ஐ. இரண்டுமே விஞ்ஞானிகளைப் பற்றிய தகவல்கள். கடவுள் இருக்கிறாரா என்பதற்கு யாரும் அங்கே சோதனை நடத்தவில்லை.

அப்போ இதற்கு மதிப்பே இல்லையா?

ஒரு விஷயத்தில் மதிப்பு உண்டு. ‘அறிவியல் படித்தவன் சாமி கும்பிட மாட்டான்’ என்ற வாதத்தை உடைக்க ஒரு ஆள் போதும். மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை ஏற்ற பிரான்சிஸ் காலின்ஸ், நாத்திகராக இருந்து 27 வயதில் கிறிஸ்தவர் ஆனவர். அறிவியலும் நம்பிக்கையும் ஒரே மண்டைக்குள் இருக்க முடியும் என்பதை அவர் காட்டுகிறார். ஆனால் ‘இருக்க முடியும்’ வேறு, ‘உண்மை’ வேறு.

அன்னூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், போர் போடும் ரிக் வண்டிக்குப் பூஜை போட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். ஆயிரம் அடியில் தண்ணி வந்தாலும், வெறும் புகை வந்தாலும், அது நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். ரிக் ஓட்டுபவரின் சாமியைப் பற்றி எதுவும் சொல்லாது.

கிறிஸ்தவம் உண்மையா என்று எங்கே தேடுவது?

அதன் மையக் கூற்றில். இயேசு சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தார் என்பதுதான் அது. அது நடக்கவில்லை என்றால் மற்ற எல்லாமே வீண் என்ற கருத்தை, கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுலே முன்வைக்கிறார். அந்தக் கடிதம் சிலுவை மரணத்துக்கு இருபது ஆண்டுகளுக்குச் சற்றுப் பிறகு எழுதப்பட்டது. அதில் சொல்லப்படும் சாட்சிகளை எவ்வளவு நம்பலாம்? வேறு விளக்கங்கள் உண்டா? அற்புதம் என்ற ஒன்று நடக்க வாய்ப்பு உண்டா? வரலாறும் தத்துவமும் விவாதிக்கும் கேள்விகள் இவை. மரபணுவிலோ விண்மீன்களிலோ நிபுணராக இருப்பவருக்கு இங்கே கூடுதல் மார்க் கிடையாது. அவர் வைக்கும் வாதத்துக்குத்தான் மார்க்.

இந்த எல்லையை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமெட்ர், எடிங்டனிடம் படித்தவர். 1951-ல் போப் 12-ம் பயஸ், படைப்புக்கு ஆதாரம் போல இந்த அறிவியலைக் காட்டிப் பேசியபோது, லெமெட்ருக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் கொள்கை, கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே மாதிரி சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவியலாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சர்ச்சுக்குப் போவதா வேண்டாமா என்பது வாழ்க்கையின் பெரிய முடிவு. கல்யாணம், குழந்தை வளர்ப்பு, சாவு என எல்லாவற்றையும் தொடுகிற முடிவு. அதை நியூட்டனிடமோ சந்திரசேகரிடமோ அவுட்சோர்ஸ் செய்ய முடியாது. பெயர்ப் பட்டியல் வந்தால், ‘சரி, அவர் ஏன் அப்படி நினைத்தார்?’ என்று கேட்பதே சரியான தொடக்கம்.