விலை கூறும் விருதுகள்



புகழை விரும்புதல் மனித இயல்பு. அதனைக் குற்றமென்று கூறுவதற்கில்லை. திருவள்ளுவரும் இல்லறவியலின் முடிவிலே புகழ் என்றோர் அதிகாரத்தை அமைத்தார். அதற்கு முன்னுள்ள அதிகாரம் ஈகை. பிறர்க்குக் கொடுத்து வாழ்பவனை நாடியே புகழ் வரும் என்னும் கருத்து அவ்வரிசையிலேயே அடங்கியிருக்கின்றது எனலாம். இக்காலத்திலோ வேறொரு வரிசையைக் காண்கின்றோம். புகழ் முதலிற் கடித உருவில் வந்து சேர்கின்றது. அதற்குரிய விலை பின்னால் வருகின்றது.

"தங்கள் துறையில் ஆற்றிய அரும்பணிக்காகத் தங்கள் பெயர் முன்மொழியப்பட்டுள்ளது" எனத் தொடங்கும் கடிதங்கள் அதிபர்களுக்கும், வைத்தியர்களுக்கும், வர்த்தகர்களுக்கும், எழுத்தாளர்களுக்கும் வருகின்றன. முன்பு தபாலில் வந்தன; இப்பொழுது மின்னஞ்சலிலும் கைத்தொலைபேசியிலும் வருகின்றன. இவற்றின் பின்னே நிற்பது யாது? கற்றறிந்தோரும் இவற்றில் அகப்படுவது ஏன்? இவ்விரு வினாக்களையும் இன்று சிறிது ஆராய்வோம்.

விருதை விற்பது புதிய தொழிலன்று. முதலாம் உலக மகாயுத்தத்தை அடுத்த ஆண்டுகளில், லொயிட் ஜோர்ஜ் பிரதமராயிருந்த காலத்திலே, பிரித்தானியாவில் 'சேர்' பட்டம் முதலியன கட்சி நிதிக்குப் பணம் கொடுத்தோருக்கு வழங்கப்பட்டன. ஊரெங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாக 1925ஆம் ஆண்டில் பட்டங்களை விற்பதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அரசாங்கத்தின் வாயில் அடைபட்டாலும் தனியார் கடைகள் திறந்தேயிருந்தன. அவற்றிற்குக் கை கொடுத்தது பிரமுகர் விவரத் திரட்டு என்னும் நூல்வகை. லண்டனில் 1849ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'ஹூஸ் ஹூ' என்ற நூல் இவ்வகையிற் புகழ்பெற்றது. அதில் இடம்பெறுவதற்கு எவரும் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் அப்பெயரின் மதிப்பைக் கண்ட வேறு பலர், அதனையொத்த பெயர்களைச் சூட்டித் தத்தமக்கு ஒரு திரட்டை அச்சிடத் தொடங்கினர். அவர்களுடைய நூலை வாங்குவோர், பெரும்பாலும் அந்நூலிலே பெயர் இடம்பெற்றோரேயாவர்.

அமெரிக்காவில் நியூ யோர்க்குக்கு அருகிலுள்ள லோங் ஐலண்டிலிருந்து 1990ஆம் ஆண்டுகளில் இத்தகைய நிறுவனம் ஒன்று இயங்கி வந்தது. 'ஹூஸ் ஹூ வேர்ல்ட்வைட்' என்பது அதன் பெயர். உறுப்பினர் ஒருவர் தங்களை முன்மொழிந்தார் என்று அது கடிதம் எழுதியது. உண்மையில் அப்பெயர்கள் விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 1998ஆம் ஆண்டில் அதன் தலைவரும் விற்பனையாளர் சிலரும் தபால் மோசடிக் குற்றவாளிகள் என ஜூரிமார் தீர்ப்பளித்தனர். 'முன்மொழியப்பட்டீர்கள்' என்ற ஒரு சொல்லே அவ்வழக்கின் உயிர்நாடியாயிருந்தது.

இனி, விற்பனை நடைபெறும் முறையைக் கவனிப்போம். முதற்கடிதம் காசு கேட்பதில்லை. பெயர், தொழில், தகைமை ஆகியவற்றை எழுதியனுப்பினாற் போதும் என்கின்றது. சில நாட்களில் தொலைபேசி ஒலிக்கும். பேசுபவர் தம்மை விற்பனையாளர் என்று கூறார். தேர்வுக் குழுவினர் என்பார். உங்கள் பணியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்பார். நீங்கள் சொல்லுந்தோறும் வியப்பார். முப்பது ஆண்டுகளாக எவரும் கேளாத கேள்விகளை அவர் கேட்பதால், கேட்கப்படுபவரின் நெஞ்சு நெகிழ்கின்றது. அதன் பின்னரே, "தாங்கள் தெரிவாகிவிட்டீர்கள்" என்ற செய்தியும், ஆயுட்கால உறுப்புரிமை, சட்டமிட்ட சான்றிதழ், கேடயம் என்பவற்றின் விலையும் வெளிவருகின்றன. ஐம்பதினாயிரம் ரூபா என்று சொல்லி நீங்கள் தயங்கினீர்கள் எனக் கொள்வோம். உடனே முப்பதினாயிரத்துக்கு ஒரு வகுப்பு உண்டென்பார். யோசித்துச் சொல்கிறேன் என்றால், "இன்று மாலையுடன் பட்டியல் முடிகின்றது, உங்கள் மாகாணத்துக்கு ஓரிடமே எஞ்சியுள்ளது" என்பார். கடனட்டையின் இலக்கத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால், மறு ஆண்டின் கட்டணமும் உங்களைக் கேளாமலே கழியக்கூடும்.

இதிலே அமைந்துள்ள தந்திரத்தை உளவியலறிஞர் முன்னரே விளக்கியுள்ளனர். கலிபோர்னியாவில் பிரீட்மன், பிரேசர் என்னும் இருவர் நடத்திய ஆய்வு 1966இல் வெளியாயிற்று. வீட்டு முற்றத்தில் 'கவனமாக வாகனம் செலுத்துக' என்ற பெரிய, அழகற்ற பலகையை நாட்ட அனுமதி தருவீர்களா என வீட்டாரைக் கேட்டனர். இணங்கியோர் நூற்றுக்கு 17 பேர் மட்டுமே. வேறு சிலரிடம் முதலில் அதே கருத்துடைய ஒரு சிறு அட்டையை வைக்குமாறு வேண்டினர். இரண்டு வாரங்களின் பின்னரே பெரிய பலகையைப் பற்றிக் கேட்டனர். அவர்களில் நூற்றுக்கு 76 பேர் இணங்கினர். சிறிய சம்மதம் பெரிய சம்மதத்துக்குப் படியாகின்றது. இலவசமாக நிரப்பியனுப்பும் அந்த விண்ணப்பப் படிவமே இவ்வியாபாரத்தின் சிறு அட்டை.

நம் தமிழுலகில் இவ்வியாபாரம் மேடையை விரும்புகின்றது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலே ஒரு விழா நடைபெற்றது. மனித உரிமைகள் என்பதைத் தன் பெயரிலே தாங்கிய தனியார் அமைப்பொன்று, இசையமைப்பாளர் தேவா முதலான கலைஞர் பலருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. பல்கலைக்கழகம் அப்பட்டத்தை வழங்கவில்லை. அதன் மண்டபம் மட்டுமே பெறப்பட்டிருந்தது. மண்டபத்தைப் பெறக் காட்டிய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் கடிதமும் போலியென அந்நீதிபதியே கூறினார். பல்கலைக்கழகம் பொலிசில் முறையிட, விழாவை நடத்தியவர் கைதானார். பெற்றவர்மீது குற்றமில்லை. ஆனால் இடத்தின் பெருமையும், நீதிபதியின் பெருமையும், புகழ்பெற்ற கலைஞரின் பெருமையும் இரவலாக வாங்கப்பட்டு, ஒன்றுமில்லாத ஒரு தாளுக்கு மதிப்பாயின என்பதை நாம் மறத்தலாகாது.

நமது கரையோரத்தில் கல்முனையிலிருந்து கோமாரி, பொத்துவில் வரையும் பொன்னாடை போர்த்தும் வழக்கம் நன்கு வேரூன்றியுள்ளது. அது நல்ல வழக்கம். ஆனால் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் 'பதிவுக் கட்டணம்' என்றும், 'மலருக்கான விளம்பரம்' என்றும் பெறுபவரிடமே பணம் கேட்கப்படும்போது அது வழக்கமாயிராமல் வாணிபமாகிவிடுகின்றது. தேசமான்ய, தேசபந்து என்பன 1986ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தேசிய விருதுகளைச் சார்ந்தவை. அவற்றை வழங்குபவர் நாட்டின் சனாதிபதி. ஒரு சங்கம் அதே சொல்லைக் கேடயத்திற் பொறித்துக் கொடுப்பதால் அது தேசிய விருதாகிவிடாது. இந்தியாவிலோ, அரசே வழங்கும் பத்ம விருதுகளையும் பெயரின் முன்னும் பின்னும் பட்டமாகச் சேர்த்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலே தீர்ப்புரைத்தது.

பெயருக்கு முன் ஒரு சொல் கூடினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பணிக்கொடையில் ஒரு பகுதியை இதில் இழக்கின்றார். வெட்கத்தால் வீட்டாரிடமும் சொல்லார். விலைக்கு வாங்கிய 'டொக்டர்' என்னும் சொல்லைப் பலகையிற் கண்டு நோயாளி ஒருவர் மருந்து வாங்கி உண்கின்றார். ஒலுவிலிலுள்ள பல்கலைக்கழகத்திலே ஆண்டுக்கணக்காகக் கண்விழித்துப் படிக்கும் பிள்ளை, அதே எழுத்துக்கள் ஒரு மாலைப்பொழுதில் விற்பனையாவதைக் காண்கின்றது. அப்பிள்ளை கற்கும் பாடத்தை எந்த ஆசிரியரும் பின்னர் எளிதில் அழிக்க முடியாது.

ஆதலால் அழைப்புக் கிடைத்தவுடன் நான்கு கேள்விகளைக் கேட்டல் நன்று. என்னை முன்மொழிந்தவர் யார்? தெரிவு செய்தோர் யாவர், எந்த அளவுகோலால்? நான் ஒரு சதமும் தராவிட்டாலும் இவ்விருது எனக்கு உண்டா? ஒரு வாரம் யோசிக்க நேரம் தருவீர்களா? உண்மையான விருது இவற்றுக்கு அஞ்சாது. மூன்றாம் கேள்விக்கு நேரான விடை வராவிடின் உரையாடலை முடித்துக்கொள்ளலாம். பட்டமாயின், அதனை வழங்கும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா எனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரித்தறியலாம். கடனட்டை இலக்கத்தைத் தொலைபேசியிற் சொல்லாதிருத்தல் எல்லாவற்றினும் முதன்மையான காவல்.

எனினும், எச்சரிக்கை மட்டும் போதாது. இவ்வியாபாரி விற்பது வீண்பெருமையை மட்டுமன்று. உழைத்தும் பாராட்டப்படாத உள்ளங்களின் பசியை அறிந்தே அவன் வருகின்றான். 2004 டிசம்பர் 26ஆம் நாளிற் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்று உயிருள்ளோரைத் தேடி நீரில் இறங்கியவர்களும், இறந்தோரைச் சுமந்து அடக்கியவர்களும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுள் எத்தனை பேருடைய பெயரை நாம் ஒரு கூட்டத்தில் உரக்கச் சொல்லியிருக்கின்றோம்? சொற்ப வேதனத்தில் பாலர் பாடசாலை நடத்தும் பெண்ணையும், மழைக்காலத்திலும் தவறாது தபால் கொணர்ந்தவரையும் எண்ணிப் பாருங்கள்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் பெயர் எந்தத் திரட்டிலும் பணம் கட்டிப் பதிந்த பெயரன்று. 1947இல் வெளிவந்த யாழ் நூலும் அவரிடம் கற்ற மாணவரும் அதனைத் தாங்கி நிற்கின்றனர். பாடசாலை, பள்ளிவாசல், கோயில், வாசிகசாலை ஆகிய ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை தன் ஊரில் உழைத்த ஒருவரை அழைத்து, காசு கேளாது, அவர் செய்ததை எடுத்துரைத்து நன்றி கூறுமாயின் அதுவே போதுமானது. ஊரார் அறிந்து சொல்லிய சொல்லைக் கேட்டவருக்கு, அறியாதவன் தொலைபேசியில் விற்க வரும் சொல் தேவைப்படாது.