சுவாசப்பை அனுப்பும் செய்தி

உறக்கத்திலும் ஓயாது நிகழ்வது மூச்சு. உட்புகுந்த வளி போதுமென மூளைக்கு அறிவிப்பது யாது? இவ்வினாவிற்குரிய விடையை 1868ஆம் ஆண்டில் ஏரிங், புறோயர் என்னும் அறிஞர் இருவர் வியன்னா நகரிற் கண்டனர். விலங்கொன்றின் சுவாசப்பைகளை வளியால் விரித்து அந்நிலையில் நிறுத்தியபோது அதன் உட்சுவாச முயற்சி சிறிதுநேரம் தடைப்பட்டது. கழுத்தின் இருபுறமுஞ் செல்லும் வேகசு நரம்புகளை வெட்டியபின் அத்தடை நிகழவில்லை. மூச்சும் மெதுவானதாய், ஆழமுடையதாய் மாறிற்று. ஆகவே, சுவாசப்பையின் விரிவை மூளைக்கு உணர்த்துவது வேகசு நரம்பே என்பது புலனாயிற்று.

அச்செய்தி எவ்வடிவிற் செல்கின்றது? வேகசு நரம்பின் நார்களிலே தோன்றும் மின் கணத்தாக்கங்களை ஏட்றியன் என்பார் பதிவுசெய்து 1933இல் வெளியிட்டார். சுவாசப்பை விரியுந்தோறும் கணத்தாக்கங்கள் பருமனிற் பெருகவில்லை; ஒரு விநாடியில் எழும் அவற்றின் எண்ணிக்கையே கூடிற்று. மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையம் அவ்வெண்ணிக்கையைக் கொண்டே விரிவின் அளவை உணர்கின்றது. இழுவையை மின் கணத்தாக்கமாக்குவதிற் ‘பியேசோ 2’ என்னும் புரதம் முதன்மையானதென்பதை, சுண்டெலிகளில் நிகழ்ந்த ஆய்வொன்று 2017இற் காட்டிற்று.

செய்தியைத் தொடக்கிவைக்கும் நரம்புமுனைகள் வாங்கிகள் எனப்படும். சுவாசப்பையில் அவை முக்கியமாக மூவகையின. சுவாசக் குழாய்களின் தசையிலுள்ளவை விரிவை அறிவிப்பன. அக்குழாய்களின் உட்படையிலுள்ளவை புகை, தூசு முதலியவற்றால் உறுத்தப்பட்டு இருமலைத் தூண்டுவன. மூன்றாம் வகையின, சிற்றறைகளின் சுவரில் மயிர்த்துளைக் குருதிக்குழாய்களை அடுத்துள்ளன. இவற்றை விளக்கியவர் இந்திய உடற்றொழிலியலறிஞர் பெயின்டல் ஆவர். இதய நோயினாற் சுவாசப்பையில் நீர் தேங்கும்போது இவை தூண்டப்பெற்று, விரைந்த, ஆழமற்ற மூச்சை விளைவிக்கும்.

விரிவுபற்றிய தெறிவினை எல்லா உயிர்களிடத்தும் ஒரே வலிமையுடையதன்று. பிறந்த குழந்தைகளில் அது வலியது. ஓய்வாயிருக்கும் வளர்ந்த மனிதர் ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் வளி ஏறத்தாழ 500 மில்லிலீற்றரே. அவ்வளவு விரிவில் அத்தெறிவினை பெரிதும் தொழிற்படுவதில்லை. உழைப்பினால் மூச்சு ஆழமாகும்போதே அது முனைந்து நிற்கும்.

இந்நரம்புகளின் பயனை, சுவாசப்பை மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்றவர்களிடம் தெளிவாகக் காணலாம். பிறர் தந்த சுவாசப்பை பொருத்தப்படும்போது அதன் நரம்புகள் அறுபட்டே வருகின்றன. ஆயினும் மூச்சின் ஒழுங்கு கெடுவதில்லை. அவ்வொழுங்கு மூளையிலேயே பிறக்கின்றது. ஆனால், தையலிட்ட இடத்திற்குக் கீழே சளி தேங்கினும் இருமல் எளிதில் எழாது. தொற்றுநோய் பற்றவும் அது ஏதுவாகும். அதனால் அந்நோயாளர் தாமே முயன்று இருமிச் சளியகற்றப் பயிற்றப்படுகின்றனர். தொல்லையென்று எண்ணப்படும் இருமலும் உயிரைக் காக்கும் ஒரு செய்தியின் பயனே என்பது இதனாற் பெறப்படும்.