உங்களுக்குத் தெரியுமா? பணத்துக்குப் பதில் கடன் சீட்டு கொடுத்த அரசு!

2009 ஜூலையில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கஜானா காலி. ஜூலை 1-ல் நிதியாண்டு பிறந்தும், பற்றாக்குறையை எப்படி அடைப்பது என்று சட்டமன்றத்தில் இழுபறி ஓயவில்லை. கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெறக் காத்திருந்தவர்களுக்கும், அரசுக்குச் சரக்கு கொடுத்த வியாபாரிகளுக்கும் 3.75 சதவீத வட்டியுடன் கடன் சீட்டுதான் கிடைத்தது. சுமார் 4.5 லட்சம் சீட்டுகள். மதிப்பு ஏறத்தாழ 260 கோடி டாலர். ஜூலை 10-க்குப் பிறகு பல பெரிய வங்கிகள் அவற்றை வாங்க மறுத்துவிட்டன. ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டிய சிறு முதலாளி அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சட்டமன்றத்தின் தாமதத்துக்கு இவர்கள் விலை கொடுத்தது பெரிய அநியாயம்.

அப்போது அங்கே பட்ஜெட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2010 நவம்பரில் மக்களே வாக்களித்து, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று மாற்றினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஜூன் 15-க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால், தாமதமாகும் நாட்களுக்கு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, பிறகு கேட்டும் வாங்க முடியாது. அடுத்த ஆண்டே, வரவும் செலவும் ஒத்துப்போகாத பட்ஜெட் என்று கூறி, மாநிலத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி உறுப்பினர்களின் சம்பளத்தை நிறுத்தினார். அப்படி நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று நீதிமன்றம் பின்னர் சொன்னது. வரியை உயர்த்த மட்டும் இன்றும் மூன்றில் இரண்டு பங்கு தேவை.