மீட்டரில் 148: இது சர்க்கரை நோயா?

அப்பாவுக்காக வாங்கிய குளுக்கோமீட்டர் அப்பாவோடு நிற்பதில்லை. ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும் அந்தச் சின்ன ஜிப் பையை, வீட்டில் யாருக்குத் தலை சுற்றினாலும், யாருக்குக் கால் எரிந்தாலும், யார் ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனாலும் எடுத்துவிடுகிறார்கள். ‘எதுக்கும் ஒரு தடவை பாத்துடேன்’ என்பார் அம்மா. விரலில் ஒரு குத்து, ஐந்து நொடி, திரையில் 148. வீடு இரண்டு கட்சியாகிவிடும். ‘பொங்கல் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல, ஒண்ணும் இல்ல’ என்பது ஒன்று. ‘நம்ம பரம்பரையே சுகர்தான், இனி உனக்குச் சர்க்கரை போட்ட காபி கிடையாது’ என்பது இன்னொன்று.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்றது அது. ஆனால் அந்த 148ஐ மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கட்சியும் ஜெயிக்க முடியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 148 என்பது நோயே இல்லாதவருக்கும் வரும் எண்தான். எட்டு மணி நேரப் பட்டினிக்குப் பிறகு அதே எண் வந்தால் கதை வேறு.

அதனால் எண்ணை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு, மீட்டரை எடுக்கவைத்த அறிகுறியிலிருந்து தொடங்குவது நல்லது. அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் சர்க்கரையால் வருவது எப்படி?

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ரத்தச் சர்க்கரை 100 என்றால், அதாவது 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் என்றால், அந்த வடிநீரோடு நாளொன்றுக்கு 180 கிராம் குளுக்கோஸும் இறங்குகிறது. ஆரோக்கியமான உடல் அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக ரத்தத்துக்கே திருப்பி எடுத்துக்கொள்கிறது. இப்படித் திருப்பி எடுக்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை 180ஐ ஒட்டித் தாண்டும்போது பலருக்கும் அந்த எல்லை வந்துவிடுகிறது. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் கலக்கிறது. போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீர் அதிகமாவதால்தான் நாக்கு வறள்கிறது. தாகம் முதலில் வந்து, நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே வரிசை நேர்மாறு. சர்க்கரை வெளியேறுவதோடு, இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பையும் தசையையும் கரைக்க ஆரம்பிக்கும்போது எடை குறைகிறது.

இந்தக் கணக்கை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி ஐந்து முறை எழுந்து போகும் ஒருவருக்கு எந்த நேரத்தில் பார்த்தாலும் மீட்டர் 110, 130, 148 என்றே காட்டினால், அந்த ஐந்து முறைக்கும் சர்க்கரை பொறுப்பாக இருப்பது கடினம். எல்லையே தாண்டவில்லையே! அறிகுறியும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மீட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

பொருந்தும் அறிகுறிகள் சில எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும். திடீரென்று பார்வை மங்கிக் கண்ணாடிக் கடைக்குப் போகிறவர் ஓர் உதாரணம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீரின் அளவு மாறுகிறது, பவரும் மாறுகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்த சில வாரங்களில் பவர் மறுபடி மாறும். புதுக் கண்ணாடிக்குக் கொடுத்த காசு வீண். பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்றும் அப்படித்தான். களிம்பு மாற்றி மாற்றித் தடவுகிறார்களே தவிர, சுகர் பார்க்கத் தோன்றுவதில்லை. இன்னொரு பக்கம், டைப் 2 நீரிழிவு பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கும். ‘எனக்குத் தாகமே இல்லையே’ என்பது நற்சான்றிதழ் ஆகாது.

இனி எண்ணுக்கு வருவோம். ஸ்ட்ரிப்பின் நுனியில் மயிரிழை போன்ற ஒரு வாய்க்கால் இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தத்தை அது தானே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே பூசியிருக்கும் என்சைம் குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி மின்முனைக்குக் கடத்துகிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றுகிறது. என்சைமை மின்முனையோடு சேர்க்கும் இந்த யோசனையை 1962இல் முன்வைத்தவர் அமெரிக்கரான லீலண்ட் கிளார்க்.

நேர்த்தியான வேதியியல்தான், ஆனால் நுட்பத் துல்லியம் இதனிடம் கேட்கக் கூடாது. 2013இல் வந்த சர்வதேசத் தரவிதிப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவின் கோடு; உண்மையில் 126 உள்ளவருக்கு 108 காட்டினாலும் 144 காட்டினாலும் அந்த மீட்டர் பாஸ். ஒன்று ‘பார்டர் பக்கத்தில்கூட இல்லை’, இன்னொன்று ‘வந்தேவிட்டது’. பத்து நிமிட இடைவெளியில் 118, 131 என்று மாறி மாறி வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று கோபப்பட வேண்டியதில்லை.

கை கழுவாமல் பார்ப்பதால் வரும் தப்பு மீட்டரின் இந்தத் தப்பைவிடப் பெரியது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த கையோடு விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை தாறுமாறாக உயர்ந்து காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் உயர்வாகவே காட்டியது. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியானது. மாம்பழம் நறுக்கிய கை, லட்டு பிடித்த கை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தே வைப்பது, வெயில் அடிக்கும் ஜன்னலோரம் வைப்பது, காலாவதியான ஸ்ட்ரிப்பைத் தூக்கிப்போட மனமில்லாமல் பயன்படுத்துவது, ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிவது, இவையும் எண்ணைக் கெடுக்கும்.

இந்தக் கருவி எதற்காக வீட்டுக்கு வந்தது என்று பார்த்தால் அதன் எல்லை புரியும். ஒரு தலைமுறைக்கு முன்பு சர்க்கரை பார்ப்பது என்றால் சோதனைக்குழாயில் நீல நிற பெனடிக்ட் கரைசலை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்குவது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. சிறுநீரில் சர்க்கரை இறங்கிய பிறகுதான் நிறம் மாறும் என்பதால் அந்த 180 எல்லைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது தெரியாது. 1969இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், பன்னிரண்டு வயதிலிருந்து டைப் 1 நீரிழிவோடு வாழ்ந்தவர், ஆஸ்பத்திரிகளுக்கென வந்த ரத்தச் சர்க்கரை மீட்டர் ஒன்றைப் பற்றி விளம்பரத்தில் படித்தார். டாக்டர்களுக்கு மட்டுமே விற்பார்கள். அவர் மனைவி மனநல மருத்துவர். அவர் பெயரில் வாங்கிக்கொண்டார். தன் இன்சுலினைத் தானே அளந்து சரிசெய்து உடல் தேறியவர், மருத்துவ உலகம் காது கொடுக்காததால் நடுவயதில் மருத்துவம் படித்து டாக்டரே ஆனார். நோய் இருக்கிறது என்று தெரிந்தவர் அதை அன்றாடம் ஓட்டிச் செல்வதற்கான கருவி இது. அந்த வேலையில் 15 சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. நோய் உண்டா இல்லையா என்ற கோட்டைப் போடும்போது அது ஒத்துவராது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து விரலில் குத்திப் பார்க்கும் தன்னார்வலர்களும், அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.

கோடு எங்கே இருக்கிறது? எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல், நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால் 126 அல்லது அதற்கு மேல். (‘வெறும் வயிறுதான் சார், காபி மட்டும் குடிச்சேன்’ என்பவர்கள் மறுநாள் வரவும்.) அல்லது 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200. அல்லது மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி 6.5 சதவீதம். அறிகுறி தெளிவாக இல்லாதவருக்கு இவற்றில் ஒன்று மட்டும் ஒரு தடவை தாண்டினால் போதாது; இன்னொரு முறையோ இன்னொரு சோதனையோ அதை உறுதிசெய்ய வேண்டும். 126 யாரோ சீட்டுக் குலுக்கி எடுத்த எண் அல்ல. 1997 வரை அது 140 ஆக இருந்தது. அரிசோனாவின் பிமா பழங்குடியினர், எகிப்தியர், அமெரிக்கப் பொதுமக்கள் ஆகியோரிடம் எந்தச் சர்க்கரை அளவுக்கு மேல் விழித்திரை பழுது அதிகரிக்கத் தொடங்குகிறது என்று பார்த்துத்தான் கீழே இறக்கினார்கள்.

நம் ஊரில் எல்லோரும் பார்க்கும் ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ டெஸ்ட் இந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் இரண்டு இட்லி சாப்பிட்டு வருகிறார், இன்னொருவர் பூரி மசாலாவோடு கேசரியும் சாப்பிட்டு வருகிறார். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது எப்படி? மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க அது உதவும். நோயைப் பெயர் சொல்லி அழைக்க, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கும் சோதனையே சரி. இரண்டு மணி நேரம் லேபில் உட்கார வேண்டும் என்பதால்தான் யாரும் விரும்புவதில்லை.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மீட்டரைப் பார்த்துப் பயந்து ஒரு வாரம் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேராக இந்தச் சோதனைக்குப் போனால் எண் அநியாயத்துக்கு ஏறிக் காட்டலாம். மாவுச்சத்து வராமல் பழகிய உடலால், திடீரென 75 கிராம் குளுக்கோஸ் வந்து இறங்கும்போது வேகமாகச் சமாளிக்க முடிவதில்லை. அதனால் சோதனைக்கு முந்தைய மூன்று நாள் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்கிறார்கள், மாவுச்சத்து மட்டும் நாளுக்கு 150 கிராமாவது இருக்க வேண்டும். பத்தியத்தை முடிவு தெரிந்த பிறகு ஆரம்பிக்கலாம்.

எச்பிஏ1சிக்குப் பட்டினி வேண்டாம் என்பதால் அதற்கு மவுசு அதிகம். நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் இந்தச் சோதனை அளக்கும் மாற்றம் இருப்பதை 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலத்தில் எவ்வளவு சர்க்கரையில் நனைந்ததோ அவ்வளவு அதன்மேல் ஒட்டியிருக்கும். ஆனால் இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணு குறைந்த ரத்தத்தில் பல மீட்டர்களும் கூடுதலாகவே காட்டும். அதாவது ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு வீட்டு மீட்டரும் லேப் ரிப்போர்ட்டும் ஒரே திசையில் தப்பு செய்து, ஒன்றுக்கொன்று சாட்சியும் சொல்லும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. எச்பிஏ1சி எழுதித் தரும்போது கூடவே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்வது நம் நாட்டில் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

லேப் மட்டும் தப்பே செய்யாதா? குழாயில் எடுத்த ரத்தத்திலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு குழாய். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுப் பாதுகாப்பு தராது. தெருமுனையில் ரத்தம் எடுத்து, பைக்கில் ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேரும் மாதிரியில் 130 என்பது 120 ஆகியிருக்கலாம். பார்டரில் இருப்பவர்கள் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே சோதிக்கும் லேபுக்குப் போவது உத்தமம்.

இத்தனை நிதானமும் பார்டர் ஆட்களுக்குத்தான். தாகம், எடைக்குறைவு எல்லாம் இருந்து மீட்டர் 300 காட்டினால் நுணுக்கங்களுக்கு வேலையே இல்லை. 15 சதவீதம் கழித்தாலும் 255. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் அவசரம். படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்து, மெலிந்து, வயிற்று வலி, வாந்தி என்று வந்தால் அஜீரணம் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. மூச்சு ஆழமாக வாங்குவதும், வாயில் அழுகிய பழ வாடை வருவதும் ரத்தம் அமிலமாவதன் அடையாளம். டைப் 1 நீரிழிவில் இது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும். இங்கே அப்பாவின் அதே பழைய மீட்டர் உயிர் காக்கும் கருவி. 200க்கு மேல் காட்டினால், ‘நாளைக் காலையில் வெறும் வயிற்றில் பார்ப்போம்’ என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

ஒல்லியான பெரியவர்களிடமும் ‘சுகர்’ என்ற பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. முப்பது வயதுக்கு மேலும் மெதுவாக டைப் 1 வரும்; ஜிஏடி ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். சிறு வயதிலிருந்தே வயிற்று வலி, எண்ணெய்ப் பசையான மலம் என்றால் கணையத்தில் கல் இருக்கலாம். கேரளத்திலும் தமிழகத்திலும் டாக்டர்களுக்கு நெடுநாள் பழக்கமான நோய் அது. ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரையும் காரணமற்ற எடைக்குறைவும் சேர்ந்து வந்தால் கணையப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்று சோதனையும் நார்மல், ஆனால் தொல்லை போகவில்லை என்றால்? மறுபடி மறுபடி விரலைக் குத்துவதில் பயன் இல்லை. ஐம்பது கடந்த ஆணுக்கு ராத்திரி சிறுநீர் என்றால் புராஸ்டேட்டைப் பார்க்க வேண்டும். களைப்புக்குத் தைராய்டும் ஹீமோகுளோபினும், கால் எரிச்சலுக்கு பி12 அளவும் முதலில் வரும். தாகமும் சிறுநீரும் நாளுக்கு நாலைந்து லிட்டருக்கு மேல் போனால் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்ப்பார்கள்; மூளை அடியிலுள்ள பிட்யூட்டரி வழியாக வரும் வாசோப்ரெசின் ஹார்மோன் குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க, தண்ணீர் கொடுக்காமல் மணிக்கணக்கில் கவனிக்கும் சோதனை ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரியில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது செய்வது. வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது.